எஞ்சினில் உடைந்து நின்ற போல்ட்டை வெளியே எடுப்பது: முழுமையான வழிகாட்டி

கார் எஞ்சினில் ஒரு போல்ட் தலை முறிந்து உள்ளே நின்றுவிட்டால், அதை எடுக்கப் பல முறைகள் உண்டு. அவற்றில் எது சிறந்தது என்று கேட்பதைவிட, எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்கு வைப்பது என்று கேட்பதே பயன் தரும். புதியவர்கள் பெரும்பாலும் நல்ல கருவியைத் தவறான நேரத்தில் எடுத்துவிடுகிறார்கள். உடைந்தவுடன் டிரில்லை எடுத்து, கோணலாக ஒரு துளை போட்டு, அதில் எக்ஸ்ட்ராக்டரை (துளைக்குள் கவ்வி, போல்ட்டைத் திருப்பி எடுக்கும் கருவி) திணித்து, அதையும் உள்ளேயே உடைத்துவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் விபத்து.

இங்கே சொல்லப்படும் வரிசைக்கு ஒரே ஒரு விதிதான் அடிப்படை. தோற்றுப்போனாலும் அடுத்த முறைக்கு இடம் விட்டுச்செல்லும் முறையை முதலில் முயல வேண்டும். செய்தபின் திரும்பி வர முடியாத முறையைக் கடைசியில் வைக்க வேண்டும்.

1. போல்ட் எப்படி உடைந்தது என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்

இறுக்கும்போது உடைந்த போல்ட்டும் கழற்றும்போது உடைந்த போல்ட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் எடுக்கும் விதத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. இறுக்கும்போது அளவுக்கு மீறிய முறுக்கால் தலை முறிந்திருந்தால், உள்ளே இருக்கும் மரையில் பெரும்பாலும் பிடிப்பு எதுவும் இருக்காது. தலை போனவுடன் இழுவிசையும் போய்விடுவதால், உள்ளே நிற்கும் துண்டு தளர்வாகவே இருக்கும். கூர்மையான ஊசியாலோ சிறு உளியாலோ அதன் விளிம்பை இடஞ்சுழியாக மெல்லத் தட்டினாலே சுழன்று வந்துவிடும். இதற்கு டிரில்லைத் தொடவே வேண்டியதில்லை.

கழற்றும்போது உடைந்தது என்றால், மரை துருவாலோ அரிப்பாலோ இறுகியிருக்கிறது என்று பொருள். அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் எஃகு போல்ட் இருக்கும் இடங்களில், ஈரம் சேர்ந்தால் இரண்டு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு நடந்து, வெண்மையான அலுமினிய ஆக்சைடு மரை இடுக்குகளை நிரப்பிவிடும். தெர்மோஸ்டாட் மூடியிலும் வாட்டர் பம்ப்பிலும் இது சாதாரணம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட்டில் (புகை வெளியேறும் குழாய்த் தொகுதி) உள்ள ஸ்டட்களின் (தலையில்லாத போல்ட்கள்) நோய் வேறு: திரும்பத் திரும்பச் சூடேறி ஆறுவதால் அவை துருப்பிடித்து, சோர்ந்து முறிகின்றன. சும்மா நிற்கும்போதே, தானாக முறிந்த ஸ்டட்டையும் இறுகிய வகையாகவே கருத வேண்டும்.

2. உள்ளே எவ்வளவு நீளம் நிற்கிறது என்பதை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்

உடைந்து கையில் வந்த பகுதியை, அதே இடத்தில் அதே நீளத்தில் இருந்த முழு போல்ட் ஒன்றின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டின் வேறுபாடுதான் உள்ளே நிற்கும் நீளம். இந்த எண் இல்லாமல் துளையிடத் தொடங்கினால், போல்ட் எங்கே முடிந்து எஞ்சின் பிளாக்கின் உலோகம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது.

துளை அடியில் மூடியதா, ஊடுருவிச் செல்வதா என்பதும் தெரிய வேண்டும். சில போல்ட்கள் குளிர்விக்கும் நீர் ஓடும் அறைக்குள்ளேயே முடிகின்றன. சில துளைகளுக்குப் பின்னால் எண்ணெய் வழி இருக்கிறது. வாகனத்தின் சர்வீஸ் கையேட்டில் இதைப் பார்த்துவிடுவது நல்லது. கையேடு கிடைக்காவிட்டால், அருகிலுள்ள ஒரே மாதிரியான துளையில் மெல்லிய கம்பியை விட்டு ஆழத்தைப் பார்க்கலாம். நீர் அறைக்குள் திறக்கும் துளை என்றால் ரேடியேட்டர் நீரை முன்கூட்டியே வடித்துவிடுங்கள்.

போல்ட் தலையில் பொறித்திருக்கும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 8.8 என்றிருந்தால் அதன் இழுவலிமை 800 மெகாபாஸ்கல் வகையைச் சேர்ந்தது, 10.9, 12.9 ஆகியவை அதைவிடக் கடினமானவை. டிரில் பிட் தேர்வுக்கும், பின்னர் புதிய போல்ட் வாங்குவதற்கும் இந்த எண் தேவைப்படும்.

3. வேலை தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வேலையின் நடுவில் கருவி தேடிப் போகிறவர், இருப்பதைக் கொண்டு சமாளிக்க முயல்வார். அந்தச் சமாளிப்பில்தான் பிட் உடைகிறது. எனவே இவற்றை முதலிலேயே சேர்த்துவிடுங்கள்: துருவுக்குள் ஊடுருவும் எண்ணெய், மையப் புள்ளி குத்தும் கூர்மையான சென்டர் பஞ்ச், வேகத்தைக் கூட்டிக் குறைக்கவும் திசை மாற்றவும் கூடிய டிரில், 3 மி.மீ. தொடங்கி அரை மில்லிமீட்டர் இடைவெளியில் டிரில் பிட்கள், அவற்றில் சிலவாவது இடஞ்சுழியாக வெட்டுபவை, வெட்டு எண்ணெய், வைஸ் கிரிப், டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) பிடிக்கும் இருகைப் பிடி, முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச், கண் பாதுகாப்புக் கண்ணாடி.

பிட் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். 8.8 தர போல்ட்டைப் புதிய எச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) பிட் வெட்டும். 10.9-க்கும் அதற்கு மேலும் கோபால்ட் கலந்த பிட் வேண்டும். மழுங்கிய பிட் வெட்டாமல் தேய்க்கிறது, தேய்ப்பதால் சூடேறுகிறது, அது மையத்திலிருந்து நழுவி, மிருதுவான அலுமினியத்தின் பக்கம் ஓடிவிடுகிறது. நீளம் குறைந்த பிட் கிடைத்தால் அதையே வாங்குங்கள், ஏனெனில் அது வளையாது.

கண் பாதுகாப்புக் கண்ணாடியை வேலை முடியும்வரை கழற்றாதீர்கள். தலைக்கு மேலோ முகத்துக்கு நேராகவோ துளையிட வேண்டிய வேலை இது. தெறிப்பது எஃகுத் துகள்.

4. சுற்றிலும் இடம் செய்து, திறப்புகளை அடைத்துவிடுங்கள்

போல்ட்டின் நேர் எதிரே டிரில் நிற்க இடம் வேண்டும். இடமில்லை என்பதற்காகச் சாய்த்துப் பிடித்துத் துளையிடுவதைவிட, தடையாக இருக்கும் ரேடியேட்டர் மின்விசிறியையோ பிராக்கெட்டையோ கழற்றிவைப்பது குறைந்த வேலை. பலரும் இதைத் தள்ளிப்போட்டுவிட்டு, துளை கோணலானபின் கழற்றுகிறார்கள்.

இன்டேக் வழி, எண்ணெய் திரும்பும் துளைகள், டைமிங் செயின் இருக்கும் பகுதி ஆகியவற்றைப் பஞ்சு நூல் உதிராத துணியால் அடைத்து, மேலே ஒட்டுநாடா ஒட்டுங்கள். எத்தனை துணிகள் வைத்தீர்கள் என்று எழுதிவையுங்கள். எஞ்சினை மூடும் முன் அதே எண்ணிக்கை வெளியே வர வேண்டும். பெட்ரோல் குழாய் திறந்திருந்தால் மூடி, கசிந்ததைத் துடைத்து, காற்றோட்டம் செய்துகொண்ட பிறகே தீயோ தீப்பொறியோ வரும் வேலையைத் தொடங்க வேண்டும். பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

5. எண்ணெயை ஊறவிட்டுத் தட்டுங்கள்

கம்பித் தூரிகையால் மேல் துருவை நீக்கிவிட்டு, ஊடுருவும் எண்ணெயை விட்டு, ஓர் இரவு முழுவதும் ஊறவிடுவது நல்லது. இடையிடையே போல்ட்டின் முகத்தில் சுத்தியலாலும் பஞ்ச்சாலும் நேராகச் சில தட்டுகள் தட்டுங்கள். மரை இடுக்கில் இறுகிய துரு அந்த அதிர்வில் நுண்ணிய பிளவுகள் விட்டு, எண்ணெய்க்கு வழி தரும். தட்டல் இல்லாத ஊறலில் எண்ணெய் மேலேயே நின்றுவிடுவது உண்டு.

பலமாக அடிக்க வேண்டாம். அலுமினியத்தில் மெல்லிய சுவர் உள்ள இடங்களில் ஓங்கி அடித்தால், போல்ட்டைச் சுற்றியுள்ள மேடே விரிசல் விடும்.

6. துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்

சில மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தாலே அது பெரிய நல்வாய்ப்பு; அதை வீணாக்கக் கூடாது. மரை நன்றாக இருந்து, இரண்டு நட்டுகள் ஏறும் அளவுக்கு நீளமிருந்தால், இரண்டையும் ஏற்றி ஒன்றோடொன்று இறுக்கி, உள்ளே இருக்கும் நட்டை ஸ்பேனரால் இடஞ்சுழியாகத் திருப்புங்கள். நீளம் போதாவிட்டால், இரு பக்கமும் அரத்தால் தட்டையாகத் தேய்த்து வைஸ் கிரிப்பால் பிடியுங்கள். உருண்டையான தண்டை அப்படியே பிடித்தால், பல் வழுக்கி வழுக்கி அதைச் சிறிதாக்கிவிடும். தேய்த்த தட்டையில் பிடி நிற்கும்.

திருப்பும் விதம் முக்கியம். ஒரே திசையில் முழு பலத்தையும் கொடுக்காமல், சிறிது கழற்றும் பக்கமும் சிறிது இறுக்கும் பக்கமும் அசைத்துக்கொண்டே இருங்கள். மயிரிழை அசைவு தெரிந்தவுடன் எண்ணெய் விட்டு, அசைவின் அகலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். அசையத் தொடங்கிய போல்ட்டை ஒரே மூச்சில் திருப்பும்போது, துருத் தூள் மரையில் குவிந்து மறுபடியும் இறுகி, நீட்டிக்கொண்டிருந்த பகுதியும் முறிந்துபோகிறது.

7. வெப்பத்தைப் பயன்படுத்துங்கள்

அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிவடையும். அலுமினிய ஹெட்டில் நிற்கும் 8 மி.மீ. போல்ட்டில், இரண்டும் சேர்ந்து 130 டிகிரி சூடேறினாலும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் கூடும். அந்தச் சிறு இடைவெளியே ஆக்சைடின் பிடியை விடுவிக்கப் பல நேரம் போதுமானது. ஆகவே சூட்டை போல்ட்டில் காட்டாமல், அதைச் சுற்றியுள்ள அலுமினியத்தில் காட்டுங்கள்.

சுமார் 150 டிகிரி செல்சியஸ் அளவில் நிறுத்திக்கொள்வது பாதுகாப்பானது. வெப்பக் காற்றுத் துப்பாக்கி இதற்குப் போதும். தீச்சுடரைப் பயன்படுத்தினால் கவனமாக இருங்கள்: அலுமினியம் சிவக்காமலேயே உருகிவிடும் என்பதால் கண்ணால் எச்சரிக்கை கிடைக்காது, மேலும் உருகுவதற்கு வெகு முன்பே அது தன் வலிமையை இழக்கும். அகச்சிவப்பு வெப்பமானி பளபளப்பான அலுமினியத்தில் தவறாகக் குறைத்துக் காட்டும். கருப்பு மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து அதில் அளந்தால் சரியாகத் தெரியும். அருகில் ரப்பர் சீலோ பிளாஸ்டிக் குழாயோ இருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள்.

சூடாக இருக்கும் நேரத்தில் ஒரு மெழுகுவத்தியை மரையின் விளிம்பில் தொட்டால், மெழுகு உருகி இடுக்குக்குள் இழுக்கப்படும். எண்ணெய் புகைந்து எரியும் வெப்பத்தில் மெழுகு நன்றாக வேலை செய்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனர் தெளித்த இடத்தில் ஒருபோதும் தீயோ வெல்டிங்கோ செய்யாதீர்கள். சூட்டில் அது பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவாக மாறக்கூடும். சிறிதளவு சுவாசித்தாலும் நுரையீரலுக்கு ஆபத்து.

வார்ப்பிரும்பு பிளாக்கில் இந்தக் கணக்கு பொருந்தாது, ஏனெனில் இரும்பும் எஃகும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் விரிகின்றன. அங்கே போல்ட்டையே சூடாக்கி ஆறவிட வேண்டும். விரிந்து சுருங்கும் அசைவில் துரு உடையும். ஆறுவதற்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

8. நட்டு வைத்து வெல்டிங் செய்யுங்கள்

வெல்டிங் கருவியும் அதைக் கையாளத் தெரிந்தவரும் கிடைத்தால், துளையிடுவதற்கு முன்பாக இதைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதில் தோற்றால் போல்ட் அப்படியே இருக்கும், மறுபடி முயலலாம். ஆனால் நடுவில் துளை போட்டுவிட்ட போல்ட்டில் வெல்டிங் பிடிக்க முழு உலோகம் இருக்காது. துளையிட்டு, எக்ஸ்ட்ராக்டரை உடைத்து, அதன்பின் வெல்டரிடம் கொண்டுபோகிறவர்கள் அவருடைய வேலையைப் பல மடங்கு கடினமாக்குகிறார்கள்.

போல்ட் மேற்பரப்பின் மட்டத்தில் இருந்தால், முதலில் அதன் முகத்தில் சிறு மேடு வரும்படி மிக் (MIG, கம்பி ஊட்டும் வகை) வெல்டிங்கால் உலோகம் சேர்த்து, பிறகு அதன்மேல் நட்டை வைத்து, நட்டின் துளை வழியாக உள்ளிருந்து நிரப்ப வேண்டும். எஃகு வெல்டிங் அலுமினியத்தோடு சேராது. ஆகவே சற்று வழிந்தாலும் ஹெட்டோடு ஒட்டிக்கொள்ளாது. வார்ப்பிரும்பில் அந்தத் துணை இல்லை, அங்கே வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நட்டில் துத்தநாகப் பூச்சு இருந்தால் முன்பே தேய்த்து நீக்குங்கள். அதன் புகை உடலுக்குக் கெடுதல், வெல்டிங்கின் பிடிப்பும் கெடும். பாட்டரி இணைப்பு துண்டிக்கப்பட்டிருப்பதை மறுபடி பாருங்கள். எர்த் கிளாம்ப்பை போல்ட்டுக்கு மிக அருகில், சுத்தமான உலோகத்தில் மாட்டுங்கள்.

வெல்டிங் முடிந்தவுடன் திருப்பிவிடக் கூடாது. சிவப்பு முழுவதும் அடங்கி, வெல்டிங் இறுகட்டும். போல்ட் சுருங்கும் அந்த நேரத்தில் துரு உடைகிறது. அதன்பின் மெழுகோ எண்ணெயோ கொடுத்து, ரிங் ஸ்பேனரால் முன்னும் பின்னும் அசைத்துக்கொடுங்கள். நட்டு பிய்ந்து வந்தால் மனம் தளர வேண்டாம். ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் பிடி சற்றுத் தளர்கிறது, பல போல்ட்கள் இரண்டாவது மூன்றாவது நட்டில்தான் வருகின்றன. தண்ணீர் ஊற்றி வேகமாக ஆறவிடுவது மட்டும் கூடாது: உயர்தர எஃகு அப்படி ஆறினால் கடினமாகி, பின்னர் துளையிட வேண்டி வந்தால் பிட்டுக்கு அடங்காது.

9. மையத்தைக் குறியுங்கள்

துளையிடத்தான் வேண்டும் என்று முடிவானால், மொத்த வேலையின் தரமும் இந்த ஒரு படியில் தீர்மானமாகிறது. எவ்வளவு நேரம் செலவிட்டாலும் இங்கே தகும்.

காரணத்தை எண்களாலேயே பார்க்கலாம். 1.25 மி.மீ. மரை இடைவெளி கொண்ட எம் 8 (8 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டின் துளையில், அலுமினியத்தில் வெட்டப்பட்ட மரையின் உள்விட்டம் சுமார் 6.65 மி.மீ. மரையின் உயரம் ஒவ்வொரு பக்கத்திலும் 0.68 மி.மீ. அளவுதான். மையம் அரை மில்லிமீட்டர் விலகி, 6.5 மி.மீ. துளை போட்டால், ஒரு பக்கத்தில் பிட் மரைக்குள் 0.4 மி.மீ. புகுந்துவிடும், அந்தப் பக்கம் மரையின் பாதிக்கும் மேல் காணாமற்போகும். அதே அரை மில்லிமீட்டர் விலகல் எக்ஸ்ட்ராக்டருக்கான 4.5 மி.மீ. துளையில் பொறுத்துக்கொள்ளக்கூடியது. எவ்வளவு பெரிய துளைக்குப் போகலாம் என்பதை மையமே தீர்மானிக்கிறது.

உடைந்த முகம் எப்போதும் மேடுபள்ளமாக இருக்கும். பஞ்ச் பள்ளத்தைத் தேடி ஓடும். எனவே முதலில் சிறு அரத்தாலோ, சிறு கிரைண்டரில் மாட்டிய கார்பைடு முனையாலோ முகத்தைத் தட்டையாக்குங்கள். சுற்றியுள்ள, கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் தகடு) உட்காரும் பரப்பைத் தொடாமல் செய்ய வேண்டும். பிறகு கூர்முனைப் பஞ்ச்சால் மிக லேசாக ஒரு புள்ளி வைத்து, உருப்பெருக்கியால் மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். விலகியிருந்தால், பஞ்ச்சைச் சாய்த்துப் பிடித்துத் தட்டி, புள்ளியை நடுவுக்கு நகர்த்துங்கள். சரியானபின் கனமான பஞ்ச்சால் ஆழப்படுத்துங்கள். முதல் தட்டே பலமாக விழுந்தால் இந்தத் திருத்தத்துக்கு வழியில்லை.

கண்ணை நம்பாமல் வழிகாட்டி ஒன்று செய்துகொள்வது இன்னும் நல்லது. போல்ட் மேற்பரப்புக்குக் கீழே உடைந்து, மேலே சில மரைகள் காலியாக இருந்தால், அதே அளவுள்ள ஒரு போல்ட்டின் நட்ட நடுவே லேத்தில் 3 மி.மீ. துளை போட்டு, அதை அந்த மரைகளில் திருகிவிடுங்கள். பிட் அதன் வழியே போனால் மையத்தையும் செங்குத்தையும் அதுவே காத்துக்கொள்ளும். போல்ட் மட்டத்தில் உடைந்திருந்தால், கழற்றிய வாட்டர் பம்ப்பையோ மேனிஃபோல்ட்டையோ மற்ற போல்ட்களால் திரும்ப மாட்டி, அதன் துளையில் பொருந்தும் ஒரு புஷ் (நடுவில் துளையுள்ள குழல்) செய்து வைக்கலாம். மாட்டிய பாகம் ஒரு பக்கமாக நகர்ந்து நிற்காமல் எல்லாத் துளைகளிலும் நடுவில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே போல்ட்களை இறுக்க வேண்டும்.

10. துளையிடுங்கள்

3 மி.மீ. இடஞ்சுழி பிட்டில் தொடங்கி, டிரில்லைப் பின்னோக்கிச் சுழலும்படி வையுங்கள். வெட்டும் விசையே போல்ட்டைக் கழற்றும் திசையில் இருப்பதால், நடுவில் உலோகம் குறைந்து, சூடும் அதிர்வும் சேரும்போது, துண்டு தானாகவே பிட்டோடு சுழன்று வெளியே வந்துவிடுவது உண்டு. வலஞ்சுழி பிட் அதே விசையால் போல்ட்டை மேலும் உள்ளே இறுக்குகிறது.

வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தைக் கூட்டுங்கள். வழக்கமாக எல்லோரும் இதற்கு நேர்மாறாகவே செய்கிறார்கள். கடினமான போல்ட்டுக்கு நிமிடத்துக்கு 12 மீட்டர் வெட்டு வேகம் என்று எடுத்துக்கொண்டால், 3 மி.மீ. பிட்டுக்கு நிமிடத்துக்குச் சுமார் 1,270 சுற்றுகள், 5 மி.மீ. பிட்டுக்குச் சுமார் 760, 6.5 மி.மீ. பிட்டுக்குச் சுமார் 590. சுருள் நீலமாக வந்தால் வேகம் அதிகம். தூளாக வந்தால் அழுத்தம் போதவில்லை அல்லது பிட் மழுங்கிவிட்டது. சில மில்லிமீட்டருக்கு ஒரு முறை பிட்டை வெளியே எடுத்து, துகளைத் துடைத்து, வெட்டு எண்ணெய் விடுங்கள். எஞ்சினின் திறப்புக்கு அருகில் வேலை செய்தால் பிட்டில் கிரீஸ் தடவுங்கள், துகள்கள் அதில் ஒட்டிக்கொள்ளும்.

செங்குத்தைப் பார்க்க இன்னொருவர் பக்கத்தில் நிற்பது நல்லது. துளையிடுபவருக்கு இட வலச் சாய்வு தெரியும். மேல் கீழ்ச் சாய்வு தெரியாது.

இரண்டாம் படியில் அளந்து எழுதிய நீளத்தைப் பிட்டில் ஒட்டுநாடாவால் குறித்திருக்க வேண்டும். முடிந்தால் போல்ட்டின் முழு நீளத்துக்கும் துளை போடுங்கள். அப்போது அதன் அடிமுனைக்கும் எண்ணெய் போகும், கீழிருந்தும் ஊறும். எஃகிலிருந்து அலுமினியத்துக்கு மாறும்போது பிட் சட்டென்று உள்ளே இழுக்கப்படும், சுருளின் நிறமும் வெளுக்கும். அந்த நொடியில் நிறுத்திவிடுங்கள்.

11. எக்ஸ்ட்ராக்டரை எப்போது, எப்படி

எக்ஸ்ட்ராக்டர் எல்லோரும் முதலில் கேட்கும் கருவி. எனக்கு அதன்மேல் நம்பிக்கை குறைவு, காரணம் இதுதான். ஒரு தண்டு தாங்கும் முறுக்கு அதன் விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. விட்டம் பாதியானால், ஒரே உலோகத்தில் தாங்கும் முறுக்கு எட்டில் ஒரு பங்காகிறது. முழு போல்ட்டே திருப்ப முடியாமல் முறிந்த இடத்தில், அதன் பாதி விட்டமுள்ள ஒரு கருவி, எவ்வளவு கடினமான எஃகானாலும், அதே பிடியை வெல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அதனால் எண்ணெய், வெப்பம் ஆகியவற்றால் பிடியைத் தளர்த்திய பிறகே அதை எடுக்க வேண்டும். எம் 6-க்கும் அதற்குச் சிறியவற்றுக்கும், இறுகிய போல்ட்டில் இதைத் தவிர்த்துவிட்டு அடுத்த படிக்குப் போவதே நல்லது.

எம் 8 போல்ட்டுக்கு 4 முதல் 5 மி.மீ. வரையிலான துளை ஏற்றது; எக்ஸ்ட்ராக்டரில் குறித்திருக்கும் அளவைப் பின்பற்றுங்கள். கூம்பு வடிவ எக்ஸ்ட்ராக்டரை ஓங்கி அடித்து இறக்கினால், அது மெல்லிய சுவரை வெளிப்பக்கம் விரித்து, போல்ட்டை மரையோடு மேலும் நெருக்கும். நேரான வரிகள் உள்ள வகையில் இந்தக் குறை குறைவு.

டேப் பிடிக்கும் இருகைப் பிடியை மாட்டி, இரு கைகளாலும் சமமாகத் திருப்புங்கள். ஒரு பக்க ஸ்பேனர் அதை வளைக்கும். எக்ஸ்ட்ராக்டரின் எஃகு மிகக் கடினமானது என்பதால் வளையாமல் ஒடியும். கைக்கு நெகிழ்வு போன்ற ஓர் உணர்வு வந்தும் போல்ட் அசையாவிட்டால், முறுகுவது எக்ஸ்ட்ராக்டர்தான். உடனே நிறுத்துங்கள்.

அது உள்ளே ஒடிந்துவிட்டால், எச்எஸ்எஸ் பிட்டோ கோபால்ட் பிட்டோ அதை வெட்டாது. தொடர்ந்து முயன்றால் பிட் பக்கத்து அலுமினியத்தைத்தான் குடையும். கார்பைடு முனையால் பொறுமையாக அரைத்தெடுக்கலாம், அல்லது மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் இயந்திரம் உள்ள பட்டறையிடம் ஒப்படைக்கலாம். ஹெட்டைக் கழற்றிக் கொண்டுபோக முடியுமென்றால் இரண்டாவது வழியே நம்பகமானது.

12. போல்ட்டை முழுவதும் குடைந்து, மரைச் சுருளை உரித்தெடுங்கள்

மையம் சரியாக இருந்தால், துளையை அரை அரை மில்லிமீட்டராகப் பெரிதாக்கிக்கொண்டே போகலாம். எம் 6-க்கு 4.8 மி.மீ., எம் 8-க்கு 6.5 மி.மீ., எம் 10-க்கு மரை இடைவெளி 1.5 என்றால் 8.2 மி.மீ. அளவில் நிறுத்துங்கள். அப்போது போல்ட்டில் மிச்சமிருப்பது மரை இடுக்குகளில் ஒட்டிய மெல்லிய எஃகுச் சுருள் மட்டும். கூரிய ஊசியால் அதன் மேல்முனையை உள்பக்கமாக நெம்பி, குறடால் பிடித்து மெல்ல இழுத்தால், கம்பிச் சுருள் போல அவிழ்ந்து வரும். வராத மிச்சத்தை, அதே அளவு டேப்பை எண்ணெயோடு அரைச் சுற்று முன்னும் கால் சுற்று பின்னுமாகச் செலுத்தி நீக்கலாம். டேப் எதிலோ முட்டுவதுபோல் தோன்றினால் பலம் கொடுக்காதீர்கள். அது எக்ஸ்ட்ராக்டரைப் போலவே ஒடியும்.

13. மரை கெட்டிருந்தால் இன்சர்ட் போடுங்கள்

மரை பாதி போயிருக்கிறது என்று தெரிந்தும், இறுக்கினால் நிற்கும் என்ற நம்பிக்கையில் போல்ட்டைப் போடுவது வேலையைத் தள்ளிப்போடுவதே. கெட்ட மரைக்குப் பதிலாகப் புதிய மரை தரும், ஹெலிகாயில் போன்ற கம்பிச்சுருள் இன்சர்ட் போட்டால், பெரிய விட்டத்தில் சுமை பரவுவதால், அலுமினியத்தில் பழைய மரையைவிடவும் உறுதியாக நிற்கும்.

அந்தப் பெட்டியோடு வரும் டிரில் பிட்டையும் டேப்பையும் மட்டுமே பயன்படுத்துங்கள். எம் 8-க்குத் துளை ஏறத்தாழ 8.3 முதல் 8.4 மி.மீ. வரை வரும், ஆனால் டேப் சாதாரண எம் 8 டேப்பும் இல்லை, எம் 10 டேப்பும் இல்லை. டேப்பை வெட்டும்போது செங்குத்து காக்கப்பட வேண்டும். சாய்ந்த இன்சர்ட்டில் போல்ட் தலை ஒரு பக்கமாக உட்கார்ந்து மறுபடி முறியும். இன்சர்ட்டின் மேல் நுனி பரப்புக்குக் கீழே கால் முதல் அரைச் சுற்று வரை இறங்கியிருக்கட்டும். இன்சர்ட்டைத் திருகப் பயன்படும் அடி வாலை முறித்தபின், அந்தத் துண்டை வெளியே எடுத்துவிட்டதை உறுதிசெய்யுங்கள்.

நீர் அறைக்குள் திறக்கும் துளையாயின் கம்பிச்சுருள் வழியே நீர் கசியக்கூடும். மரை சீலன்ட் சேர்க்க வேண்டும், அல்லது முழுச்சுவர் உள்ள புஷ் வகை இன்சர்ட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புஷ் வகைக்குச் சுற்றிலும் அதிக உலோகம் தேவை. மேடு மெலிந்திருந்தால் அது பொருந்தாது.

14. சுத்தம் செய்து, புதிய போல்ட்டைச் சரியாக இறுக்குங்கள்

அடிமூடிய துளையில் எண்ணெயோ நீரோ தங்கியிருக்கும்போது போல்ட்டை இறுக்கினால், போல்ட் பிஸ்டனைப் போல வேலை செய்து, திரவ அழுத்தத்தால் வார்ப்பையே பிளந்துவிடும். காற்றடித்து, துணி சுற்றிய கம்பியால் துடைத்து, துளை காய்ந்திருப்பதைப் பாருங்கள். புதிய போல்ட்டைக் கையால் மட்டும் முழு ஆழத்துக்கும் திருகிப் பாருங்கள். இடையில் தடை இருந்தால் மரை இன்னும் சுத்தமாகவில்லை.

பழைய தலையில் இருந்த அதே தர எண், அதே நீளம், அதே மரை இடைவெளி வேண்டும். ஒரு முறை நீட்டி இறுக்கும் வகை சிலிண்டர் ஹெட் போல்ட்களைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. உற்பத்தியாளர் புதியதையே போடச் சொல்வார், அது காரணமுள்ள விதி.

முறுக்கு அளவைக் கையேட்டிலிருந்தே எடுங்கள். 8.8 தர போல்ட்டுக்குப் பொதுவாக எம் 6-க்கு 10, எம் 8-க்கு 25, எம் 10-க்கு 50 நியூட்டன் மீட்டர் என்ற அளவுகள் புழங்குகின்றன, ஆனால் அலுமினியத்தில் இறங்கும் போல்ட்களுக்குக் கையேடு இதைவிடக் குறைவாகச் சொல்வதுண்டு. எக்ஸாஸ்ட் ஸ்டட்களில் நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் பசை தடவினால் அடுத்த முறை கழற்றுவது எளிதாகும். பசை உராய்வைக் குறைப்பதால், உலர்ந்த மரைக்குச் சொன்ன அதே முறுக்கைக் கொடுத்தால் போல்ட் அதிகமாக இழுக்கப்பட்டு நீளும். கையேடு வேறு அளவு சொல்லாவிட்டால் கால் பங்கு குறைத்துத் தொடங்குவது பாதுகாப்பு.

கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டு, எல்லா போல்ட்களையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இரண்டு மூன்று சுற்றுகளில் இறுக்குங்கள். அடைத்த துணிகளை எண்ணி எடுங்கள். எண்ணெய்த் தொட்டிக்குள் துகள் விழுந்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலும் எஞ்சினை இயக்காதீர்கள். முதலில் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றிவிடுங்கள். இயக்கியபின் எஞ்சின் முழு வெப்பத்துக்கு வரும்வரை கசிவைப் பாருங்கள், ஆறியபின் மறுபடியும் ஒரு முறை பாருங்கள். அலுமினியம் சுருங்கியபின் தலைகாட்டும் கசிவுகளும் உண்டு. உடைந்த போல்ட்டின் இருபுறமும் இருப்பவை அதே வயதும் அதே துருவும் கொண்டவை. அந்தப் பாகத்தை அடுத்து எப்போது கழற்ற நேர்ந்தாலும், ஸ்பேனர் வைப்பதற்கு முந்தைய இரவே அவற்றுக்கும் எண்ணெய் விட்டுத் தட்டிவையுங்கள்.